சிறு மின்னணுக் கருவிகளுக்குக் காகிதப் பேக்கிங் வடிவமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயர்பட், சார்ஜர், சென்சார், ரவுட்டர், சின்ன ஸ்பீக்கர் என 1 கிலோவைத் தாண்டாத கருவிகளுக்கான பேக்கிங் பற்றியது இது. கணக்கு வரும் இடங்களில் 90 × 90 × 60 மி.மீ. அளவும் 300 கிராம் எடையும் கொண்ட ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை உதாரணமாக எடுத்திருக்கிறோம்.

பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அட்டை போட்டால் போதாதா?

போதாது. பெட்டி எதனால் ஆனது என்று பார்ப்பதற்கு முன் அது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். தேவைக்கு மேல் பெரிய பெட்டி என்றால் கூடுதல் அட்டை, கூடுதல் மை, லாரியில் பாதிச் சுமை காற்று. 2020இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரையும் இயர்ஃபோனையும் எடுத்தது. பெட்டி மெலிந்ததால் ஒரு பாலெட்டில் (சரக்கு அடுக்கும் மேடைப் பலகையில்) 70 சதவீதம் வரை கூடுதலாக ஏற்ற முடிகிறது என்று அறிவித்தது. சார்ஜரை எடுத்தது நியாயமா என்பது தனிப் பஞ்சாயத்து. கன அளவைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அட்டையின் மேல் என்ன ஒட்டுகிறோம் என்பது. பிளாஸ்டிக் படலம், காந்தம், அழுத்தினால் ஒட்டும் ஸ்டிக்கர் இவற்றோடு சேர்ந்த அட்டை, அதை மறுசுழற்சி செய்யும் காகித ஆலைக்குத் தலைவலி.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பலரும் பெட்டியின் முகப்பு வடிவமைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. கீழே உள்ள வரிசை நேரத்தையும் அட்டையையும் மிச்சப்படுத்தும்.

1. கருவியின் உண்மையான அளவையும் எடையையும் எடுங்கள். கேட் கோப்பில் (கணினி வரைபடத்தில்) உள்ள அளவு போதாது; ரப்பர் கால், பொத்தான், ஆண்டெனா எவ்வளவு துருத்துகின்றன என்று வெர்னியரில் பாருங்கள்.
2. எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்று கருவியின் மேலேயே பென்சிலால் குறியுங்கள்.
3. எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்ற எண்ணைப் பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.
4. வெளிப்பெட்டியின் அளவை 600 × 400 மி.மீ. என்ற பாலெட் அலகிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 400 × 300 மி.மீ. அடிப்பரப்புள்ள பெட்டி, 1200 × 1000 பாலெட்டில் ஓர் அடுக்குக்கு 10 என இடைவெளியின்றி உட்காரும்.
5. இன்சர்ட் (பெட்டிக்குள் கருவியைப் பிடித்து நிறுத்தும் பாகம்), உள்பெட்டி, அச்சு ஆகியவை இதற்குப் பிறகு.

எந்த அட்டை எதற்கு?

சார்ஜர், கேபிள், இயர்பட் போன்ற எடை குறைந்தவற்றுக்கு 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மடிப்பு அட்டை போதும். கூரியரில் ஒற்றையாகப் போகும் கருவிக்கு நெளி அட்டை வேண்டும். அதன் நடுவில் உள்ள நெளியைப் புளூட் என்பார்கள். அதில் எஃப் புளூட் சுமார் 0.8 மி.மீ., இ புளூட் சுமார் 1.5, பி சுமார் 3, சி சுமார் 4 மி.மீ. தடிமன். சில்லறைப் பெட்டிக்கு இ புளூட் பெரும்பாலும் பொருந்தும். அச்சும் ஓரளவு நன்றாக வரும், மடிப்பும் சுத்தமாக இருக்கும். சி புளூட்டை மாஸ்டர் கார்ட்டனுக்கு (பல பெட்டிகளைச் சேர்த்து அனுப்பும் வெளிப்பெட்டிக்கு) வைத்துக்கொள்ளுங்கள்.

மறுசுழற்சி அட்டையில் இழைகள் குட்டையானவை. அதே விறைப்பு வேண்டுமென்றால் ஜி.எஸ்.எம். சற்று ஏற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது பழைய ஜி.எஸ்.எம். எண்ணையே ஆர்டரில் எழுதிவிட்டுப் பிறகு பெட்டி தொய்கிறது என்று புகார் செய்வது வழக்கமான தவறு.

ஃபோமும் தெர்மோகோலும் இல்லாமல் அதிர்ச்சியை எப்படித் தாங்குவது?

விழும் உயரத்தையும், கருவி நிற்பதற்குள் கடக்கும் தூரத்தையும் வைத்துக் கணக்கிடலாம். பஞ்சணை ஒரு சுருள்வில்லைப்போல் ஒரே சீராக அழுந்துகிறது என்று வைத்துக்கொண்டால், உச்ச அதிர்ச்சி தோராயமாக உயரத்தின் இரு மடங்கை அந்தத் தூரத்தால் வகுத்தால் வரும். 760 மி.மீ. உயரம், 15 மி.மீ. நசுங்கும் தூரம் என்றால் 1520 ÷ 15, அதாவது சுமார் 100 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 100 மடங்கு). காகிதத் தாங்கியின் உயரம் முழுவதும் நசுங்காது. 60 சதவீதம் நசுங்கும் என்று எடுத்தால் 15 மி.மீ.க்கு 25 மி.மீ. உயரமுள்ள தாங்கி வேண்டும். நம் ஸ்பீக்கருக்கு எல்லாப் பக்கமும் 25 மி.மீ. விட்டால் உள் அளவு 140 × 140 × 110, ஏறத்தாழ 2.16 லிட்டர்.

இப்போது ஸ்பீக்கருக்குள் பேட்டரியைப் பிடிக்கும் கிளிப்பைப் பலப்படுத்தி, கருவி 150 ஜி வரை தாங்கும்படி செய்துவிட்டால்? நசுங்கும் தூரம் 10 மி.மீ. போதும், தாங்கி 17 மி.மீ., பெட்டி 124 × 124 × 94, அதாவது 1.45 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பேக்கிங்கில் செய்யும் எந்தச் சிக்கனமும் கருவிக்குள் இருக்கும் அந்த ஒரு கிளிப்புக்கு ஈடாகாது. அதனால்தான் பேக்கிங் ஆளைக் கருவி வடிவமைப்புக் கூட்டத்துக்கே கூப்பிடச் சொல்கிறோம்.

காகிதத் தாங்கி ஒருமுறை நசுங்கினால் முழுதாக எழும்பாது. முதல் விழுதலில் 100 ஜி வந்தது என்றால் அதே பக்கம் மறுபடி விழும்போது கூடும். கணக்கில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கூழ் அச்சுத் தட்டா, மடித்துச் செய்யும் அட்டை இன்சர்ட்டா?

சில ஆயிரத்துக்குக் கீழே என்றால் மடிப்பு இன்சர்ட். அதற்கு டை (அட்டையை வெட்டும் கத்தி அச்சு) மட்டும் போதும், வடிவத்தை மாற்றுவதும் எளிது, தட்டையாகவே அடுக்கி அனுப்பலாம். எண்ணிக்கை கூடி, வடிவமும் நிலைத்துவிட்டால், காகிதக் கூழை அச்சில் வார்த்துச் செய்யும் கூழ்த் தட்டுக்குப் போகலாம். தட்டுக்கு உலோக அச்சும் கம்பி வலையும் செய்ய வேண்டும். அச்சு செய்த பிறகு கருவியின் அளவு 2 மி.மீ. மாறினால் செலவு முழுவதும் வீண்.

மடிப்பு இன்சர்ட்டில் கவனிக்க வேண்டியது, தொழிலாளி அதை எத்தனை அசைவில் பூட்டுகிறார் என்பது. எட்டு மடிப்பு, நான்கு கொக்கி உள்ள அழகான வடிவம் பேக்கிங் லைனில் நிற்காது. பாதிப் பெட்டிகளில் கொக்கி மாட்டாமலே உள்ளே போகும்.

கூழ்த் தட்டில் என்னென்ன தவறும்?

சூடான அச்சில் அழுத்திச் செய்யும் மெல்லிய வகையில் சுவர்த் தடிமன் 0.7 முதல் 1 மி.மீ., அளவு மாறுபாடு சுமார் 0.5 மி.மீ. முட்டைத் தட்டுபோல் சாதாரணமாக உலர்த்தும் வகை தடிமனானது. உலரும்போது சுருங்கிக் கோணலாகும், மாறுபாடு 1 மி.மீ.க்கு மேல் போகும். கருவி இறுக்கமாக உட்கார வேண்டிய குழிக்கு முதல் வகையே சரி. ஒரு பக்கத்துக்கு 0.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைத்தால் ஈரக்காற்றில் ஊதிய தட்டிலிருந்து கருவி வெளியே வராது. கூட்டினால் உள்ளே ஆடும்.

செங்குத்துச் சுவர் வரைந்தால் தட்டு அச்சைவிட்டு வராது. சூட்டில் அழுத்தும் வகைக்கு 3 டிகிரியாவது சரிவு கொடுங்கள், மற்றதற்கு 5 டிகிரிக்கு மேல். மூலைகளில் 2 மி.மீ. ஆரமாவது இருக்கட்டும், கூர்மையான மூலையில் கூழ் மெலிந்து கிழியும்.

அடிக்கடி நழுவும் ஒரு விஷயம்: தட்டின் விலா எலும்பு பவர் பொத்தானின் மேல் உட்கார்ந்திருக்கும். கூரியர் வண்டி குலுங்கும்போது கருவி தானே ஆன் ஆகும், வாங்கியவருக்குப் போய்ச் சேரும்போது பேட்டரி காலி. பொத்தானைச் சுற்றி 3 மி.மீ. குழிவு வைத்தால் தீர்ந்தது.

மடிப்பில் அட்டை வெடிக்கிறது, மை உதிர்கிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று: மடிப்புப் பள்ளத்தின் அளவு தவறு, இழை ஓட்டத்துக்குக் குறுக்கே மடிப்பு, அல்லது அட்டை காய்ந்துபோயிருப்பது.

பள்ளத்தின் ஆழம் அட்டைத் தடிமன் அளவு. அகலம், அட்டைத் தடிமனை 1.5ஆல் பெருக்கி, மடிப்புக் கத்தியின் தடிமனைக் கூட்டினால் வருவது. 0.45 மி.மீ. அட்டைக்கு, 0.71 மி.மீ. கத்தி என்றால் 0.675 + 0.71, சுமார் 1.4 மி.மீ. அட்டையை மாற்றிவிட்டுப் பழைய பள்ளத்தையே வைத்து ஓட்டினால் வெடிக்கத்தான் செய்யும். நல்ல மடிப்பை உள்பக்கம் பாருங்கள். இருபுறமும் சமமான ஒற்றை மேடு எழும்பியிருக்க வேண்டும். மேடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கத்தி பள்ளத்தின் நடுவில் இறங்கவில்லை.

இழை ஓட்டம் தெரியவில்லையா? ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாய்போல் சுருளும். குழாயின் நீளவாட்டமே இழை ஓட்டம். முக்கிய மடிப்பு அதற்கு இணையாக இருந்தால் வெடிப்பு குறையும். ஆனால் பெரிய பக்கம் உப்பாமல் நிற்க வேண்டுமென்றால் சில இடங்களில் ஓட்டத்துக்குக் குறுக்கே மடிப்பதைத் தவிர்க்க முடியாது. அங்கே அடர்ந்த மை மடிப்பின் மேல் வராமல் வடிவமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். கறுப்புப் பெட்டியில் வெள்ளைக் கோடாகத் தெரிவது அட்டையின் நடு அடுக்கு.

மூன்றாவதற்கு மருந்து எளிது: அட்டையை வெட்டும் முன் 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் வையுங்கள்.

காந்தம் வைத்த உறுதிப் பெட்டி வாடிக்கையாளருக்குப் பிடிக்கிறதே?

பிடிக்கும்தான். ஆனால் அதில் 1.5 முதல் 2 மி.மீ. சாம்பல் அட்டை, மேலே ஒட்டிய தாள், உள்ளே ஒட்டிய தாள், புதைத்த காந்தம் எல்லாம் சேர்கின்றன. தட்டையாக மடியாது, காலிப் பெட்டிகளே லாரியை நிரப்பும். மூடியின் உராய்வே பூட்டாக இருக்கும்படி செய்தால் காந்தம் தேவையில்லை. மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் ஒரு பக்கத்துக்கு 0.5 மி.மீ. இடைவெளி விட்டால் மூடி மெதுவாக வழுக்கித் திறக்கும். அதற்கும் குறைந்தால் காற்று வெளியேறாமல் மூடி திறக்க மறுக்கும். கட்டை விரல் வைக்க ஒரு அரைவட்ட வெட்டு வைத்தால் அந்தச் சிக்கலும் போகும்.

லேமினேஷன், ஃபாயில், ஸ்பாட் யுவி செய்யலாமா?

பிளாஸ்டிக் படல லேமினேஷனை விட்டுவிடுங்கள். ஆலைத் தொட்டியில் அட்டை கரையும், படலம் கரையாமல் இழைகளைப் பிடித்துக்கொள்ளும். தேய்மானத் தடுப்புக்கு நீர்ப்பூச்சு வார்னிஷ் போதும். மேட் படலம் தரும் வழவழப்பு அதில் வராது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஃபாயில் பதிப்பில் ஒட்டுவது மிக மெல்லிய உலோகப் பூச்சு. லோகோ அளவுக்குச் செய்தால் ஆலைக்குப் பெரிய தொந்தரவில்லை. முழுப் பெட்டிக்கும் வெள்ளிப் படலம் ஒட்டிய அட்டை வேறு சங்கதி, அது கூடாது. புற ஊதா ஒளியில் உலரும் யுவி மையும், சில இடங்களில் மட்டும் பளபளப்புக்குப் பூசும் ஸ்பாட் யுவி வார்னிஷும் ஆலையில் மை நீக்கும்போது துணுக்குத் துணுக்காக நின்றுவிடும், பரப்பைக் குறையுங்கள். மையே இல்லாமல் எழுத்தை மேடாக அழுத்தும் எம்பாஸ் பல இடங்களில் இவை மூன்றையும்விட அழகாக இருக்கிறது என்பது எங்கள் கட்சி.

எந்தப் பசை நல்லது?

ஸ்டார்ச் பசையும் நீரில் கலந்த பி.வி.ஏ. பசையும் பாதுகாப்பானவை. ஹாட் மெல்ட் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) என்றால் மென்மையாகும் வெப்பநிலை 68 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஆலைச் சூட்டில் இளகாமல் கட்டியாகவே நிற்கும், சல்லடையில் பிடிபடும். எப்போதும் பிசுபிசுக்கும் ஸ்டிக்கர் பசைதான் மோசம். நுண்துளிகளாக உடைந்து சல்லடை தாண்டிப் போய் புதுக் காகிதத்தில் பொட்டாக நிற்கும். எல்லாவற்றையும்விட நல்லது பசையில்லாத பூட்டு மடிப்பு.

ஷ்ரிங்க் ராப் (பெட்டியைச் சுற்றி இறுக்கும் பிளாஸ்டிக் படலம்) இல்லாமல், பெட்டி திறக்கப்படவில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

பெட்டியிலேயே வெட்டிவிட்ட கிழிபட்டை ஒரு வழி. பெட்டி வாயின் குறுக்கே ஒட்டும் காகித முத்திரை இன்னொரு வழி. ஐபோன் 13 வரிசையில் 2021இல் வெளிப் படலத்தை எடுத்த ஆப்பிள், அதனால் 600 டன் பிளாஸ்டிக் தவிர்க்கப்படுவதாகச் சொன்னது. கிழிபட்டையில் துளை வரிசை அதிகமாக இருந்தால் விழுதல் சோதனையிலேயே திறந்துகொள்ளும். நெளி அட்டையில் பட்டை புளூட் ஓடும் திசையில் போனால் நேராகக் கிழியும். குறுக்கே போனால் பாதியில் விலகும்.

பளபளப்பான கருவியில் காகிதம் கீறல் போடுமா?

போடும். அட்டையின் வெட்டு ஓரத்தில் உதிரும் தூசியும் பூச்சில் உள்ள கனிமத் துகளும் பயணம் முழுக்கக் குலுங்கித் தேய்க்கும். பளபளப்பான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் பாலிகார்பனேட்டும் முதலில் கீறும், கண்ணாடி தாங்கும். மூன்று தீர்வுகள் உண்டு. கருவியின் தொடுபுள்ளிகளை ரப்பர் கால், உள்ளடங்கிய விளிம்பு போன்ற இடங்களுக்கு மாற்றுங்கள். மெல்லிய அமிலமற்ற திசுத்தாளில் அல்லது வழவழப்பான கிளாஸின் தாளில் சுற்றுங்கள். பளபளப்பு வேண்டாம், மேற்பரப்பைச் சொரசொரப்பாக வையுங்கள் என்று கருவி வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளி பூசிய தொடுமுனை வெளியே தெரியும் கருவிக்குக் கந்தகம் குறைந்த தாள் என்று ஆர்டரில் எழுதுங்கள். மலிவான தாளில் உள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

நிலைமின்சாரப் பயம் உண்டா?

உறைக்குள் மூடிய கருவிக்குப் பெரும்பாலும் இல்லை. மூடாத சர்க்யூட் போர்டை, உதிரிப் பாகத்தைச் சாதாரண அட்டையில் மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். காற்று காய்ந்தால் அட்டை மின்சாரத்தை வடியவிடாது. அங்கே நிலைமின்சாரத்தைத் தடுக்கும் கவசப் பை தேவை, அதைப் பிரித்தெடுக்க எளிதாக வையுங்கள்.

ஈரம் பிடித்தால்?

அட்டையே தன் எடையில் 6 முதல் 9 சதவீதம்வரை தண்ணீரோடுதான் வருகிறது. கப்பல் கன்டெய்னரில் இரவில் குளிர்ந்து கூரையிலிருந்து நீர் சொட்டும். 50 சதவீத ஈரப்பதத்திலிருந்து 90க்குப் போனால் நெளிப்பெட்டியின் தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகும். இதற்குப் பயந்து ஈரத்தில் வலுக்கூட்டும் பிசின் சேர்த்த அட்டை கேட்டால், அது ஆலையிலும் கரையாது. பாலெட்டுக்கு மேல் ஒரு மூடி, கன்டெய்னரில் உலர்த்திப் பை, கார்ட்டன் வலுவில் தாராளம் என்று போவது நல்லது.

மாஸ்டர் கார்ட்டன் எத்தனை அடுக்கு தாங்கும்?

1963இல் வெளிவந்த மெக்கீ சூத்திரம் இன்றும் கை கொடுக்கிறது: விளிம்பு நசுங்கு வலுவை (அட்டையின் விளிம்பு ஒரு மீட்டருக்குத் தாங்கும் விசையை) 5.87ஆல் பெருக்கி, அட்டைத் தடிமனும் பெட்டிச் சுற்றளவும் பெருக்கி வந்ததன் வர்க்கமூலத்தால் மறுபடி பெருக்க வேண்டும். 18 ஸ்பீக்கர் கொள்ளும் 400 × 300 மி.மீ. கார்ட்டன், 4 மி.மீ. சி புளூட், விளிம்பு வலு மீட்டருக்கு 5600 நியூட்டன் என்றால்: 5.87 × 5600 × √(0.004 × 1.4), சுமார் 2460 நியூட்டன், அதாவது 250 கிலோ. இது ஆய்வகத்தில், சில நிமிடத்துக்கு. ஈரம், நாள்கணக்கில் நிற்பது, கோணல் அடுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 5ஆல் வகுத்து 50 கிலோ என்று வையுங்கள். கார்ட்டன் 8 கிலோ என்றால் அடியில் உள்ளதன் மேல் ஆறு, மொத்தம் ஏழு அடுக்கு.

மூலைக்கு மேல் மூலை வரும்படி அடுக்குங்கள். செங்கல் கட்டுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் சாயாது என்று தோன்றும், ஆனால் வலுவில் பாதிவரை போய்விடும். புளூட் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

என்ன சோதனை செய்ய வேண்டும்?

பொதிப் போக்குவரத்துச் சோதனைகளை வகுக்கும் இஸ்டா அமைப்பின் 1ஏ சோதனை எளிய தொடக்கம். 10 கிலோவுக்குக் கீழான பெட்டியை 760 மி.மீ. உயரத்திலிருந்து 10 முறை போட வேண்டும்: ஒரு மூலை, அதிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். அதிர்வுச் சோதனையும் அதில் உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். கீறல் தெரியவருவது அங்கேதான். கூரியரில் ஒற்றையாகப் போகும் கருவிக்கு இஸ்டா 3ஏ இன்னும் பொருத்தம். பெட்டி நசுங்கினால் தோல்வி இல்லை. நசுங்குவதுதான் அதன் வேலை. கருவி ஓடுகிறதா, கீறல் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

லித்தியம் பேட்டரி இருந்தால்?

கருவிக்குள்ளோ கருவியோடு தனியாகவோ போகும் லித்தியம் அயான் பேட்டரி யு.என். 3481 வகையில் வரும். விமானத்தில் போனால் தளர்த்தப்பட்ட விதிகள் 100 வாட்-மணிக்கு மிகாத பேட்டரிக்கே. பேட்டரி தனியாக உடன் வைக்கப்பட்டால் பொதி 1.2 மீட்டர் விழுதலைத் தாங்க வேண்டும். பொதிமேல் ஒட்டும் பேட்டரிக் குறியின் அளவு 100 × 100 மி.மீ., இடமில்லாத சிறு பெட்டிக்கு 100 × 70. பெட்டியைச் சுருக்கும்போது இந்தக் குறிக்கு ஒரே பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மடித்து ஒட்டக் கூடாது.

மறுசுழற்சி ஆகுமா என்று நாமே பார்க்க முடியுமா?

தோராயமாகப் பார்க்கலாம். பெட்டியை மை, பசை, லேபிளோடு சேர்த்து 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 40 டிகிரி தண்ணீரில் ஊறவைத்து மிக்ஸியில் மெதுவாக அடியுங்கள். கண்ணாடியில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒரே சீரான கூழாக இருந்தால் நல்லது. செதில், நூல், படலம் மிதந்தால் எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்று தேடுங்கள். இது வடிகட்டும் சோதனை மட்டுமே, சான்றிதழுக்கு ஆய்வகம் போக வேண்டும்.

விதிகளும் குறிகளும்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புபவர்கள் 2025/40 என்ற பேக்கிங் ஒழுங்குமுறையைப் படியுங்கள். 2026 ஆகஸ்ட் 12 முதல் பொதுவாக நடைமுறை. இணையவழி விற்பனைப் பொதியில் காலி இடம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2030இல் வருகிறது. அதில் காகிதச் சீவல், பபுள் ராப் போன்ற நிரப்பிகளும் காலி இடமாகவே எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரட்டைச் சுவர், போலி அடிப்பாகம் போட்டுப் பெரிதாகக் காட்டுவதும் முடியாது.

எஃப்.எஸ்.சி. (பொறுப்பான வன நிர்வாகத்துக்கான) சான்று பெற்ற அட்டையை வாங்கிவிட்டால் அந்தக் குறியை அச்சிடலாம் என்று நினைக்காதீர்கள். அச்சகமும் சங்கிலிச் சான்று (அட்டை கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்குமான சான்று) பெற்றிருக்க வேண்டும். பொருள் குறியில் நெளி அட்டைக்கு பி.ஏ.பி. 20, மற்ற அட்டைக்கு 21, காகிதத்துக்கு 22.

பழுப்பு கிராஃப்டில் (வெளுக்காத அட்டையில்) பார்கோடு ஸ்கேன் ஆகுமா?

கறுப்பு மையில் அச்சிட்டால் ஆகும். பழுப்பிலோ சிவப்பிலோ கோடுகளை அச்சிட்டால் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அவை தெரியாது. கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க இ.ஏ.என். 13 பார்கோட்டின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ., குறைந்தபட்சம் 80 சதவீதம். நெளி அட்டைமேல் நேரடியாக அச்சிட்டால் மை பரவிக் கோடுகள் தடிக்கும், அதனால் முழு அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். இருபுறமும் உள்ள வெற்றிடத்தில் எழுத்தோ மடிப்போ வரக் கூடாது. நான்கு வண்ணப் படங்களைக் கிராஃப்டில் அச்சிட நினைத்தால், மங்கித்தான் வரும் என்று முன்பே சொல்லி ஒரு மாதிரி எடுத்துக் காட்டிவிடுங்கள்.